உதவி: வயல் பண்டிக்கும் கிளே தட்டுக்கும் ஒரே செமி ஓட்டோ துவக்கு – எதை எடுக்கலாம்?

தம்பலகாமத்து வயல்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் தம்பலகாமம். பெரும்போகம் குடலைப் பருவத்துக்கு வந்தா ராவில பண்டி இறங்குது. ட்ரக்டர் விட்டு உழுத மாதிரி ஒரு மூலையைக் கிளறிப்போட்டுத்தான் போகும். அப்பாவிட்ட பயிர்ப் பாதுகாப்புக்கெண்டு எடுத்த 12 போர் ஒற்றைக்குழல் துவக்கு ஒண்டு இருக்கு. லைசன்ஸ் அவர்ட பேரில. ஒரு வெடி வைச்சு, மடக்கி, அடுத்த தோட்டாவைப் போடுறதுக்குள்ள பண்டி வாய்க்காலைத் தாண்டியிடும்.

பெரிய மாமாட மகன் ஒன்ராறியோவில இருக்கிறார். அங்க கிளே (பறக்க விடுற தட்டு) சுடப் பழகி, இலையுதிர் காலத்தில வாத்து வேட்டைக்கும் போறார். இப்ப செமி ஓட்டோ ஷொட்கன் (ஒரு வெடி வைச்சதும் தானா அடுத்த தோட்டா ஏறுற துவக்கு) வாங்கப் போறாராம். "நீயும் ஒண்டு எடு, பண்டிக்கும் ஆகும், கிளேக்கும் ஆகும், வரேக்க நான் கொண்டு வாறன்" எண்டு வீடியோ வீடியோவா அனுப்புறார். தோட்டாவை ஏத்துற முறையில காஸ் நல்லமோ, இனேர்ஷியா நல்லமோ? குழல் 26 அங்குலமோ 28 அங்குலமோ? மூண்டு அங்குலத் தோட்டா அறை போதுமோ, மூண்டரை வேணுமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கந்தளாய்க் காவலன்

தம்பி, மொடலைப் பிறகு பார்ப்பம். முதல்ல மச்சானுக்குச் சொல்லும், ஒண்டும் கொண்டு வர வேண்டாம் எண்டு. விமானத்திலயும் வேண்டாம், பொதிக்குள்ள கழட்டிப் போட்டும் வேண்டாம்.

எங்கட நாட்டில துவக்கு எல்லாம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்துக்குக் கீழதான். வயலுக்கெண்டு கச்சேரியால (மாவட்டச் செயலகம்) குடுக்கிறது 12 போர் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல். பம்ப், செமி ஓட்டோ ரெண்டையும் எங்கட ஆக்கள் ரிப்பீட்டர் எண்டுதான் சொல்லுவினம். அது வேற கணக்கு, பாதுகாப்பு அமைச்சின்ட கையில. 1996இல கொண்டு வந்த திருத்தம் ரிப்பீட்டர் ஷொட்கனைப் பேர் சொல்லியே தனியா எடுத்து வைச்சிருக்கு. அனுமதியில்லாம அது வீட்டில இருந்தா ஆயுள்தண்டனை மட்டும் போகும். பண்டி தின்ற நெல்லின்ட பெறுமதி என்ன, இது என்ன.

காலமும் அதுக்கு ஏத்த காலமில்லை. 2024 நவம்பரில தற்பாதுகாப்புக்கெண்டு குடுத்த துவக்குகளையே மீள ஒப்படைக்கச் சொல்லி, வெலிசறை கடற்படை முகாமில கொண்டு போய்க் குடுக்க வைச்சவங்கள். அப்படியிருக்க, "பண்டிக்கு செமி ஓட்டோ தாங்கோ" எண்டு நீர் விண்ணப்பம் போட்டா என்ன பதில் வருமெண்டு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொண்டு. லைசன்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கில்லை. அப்பாட பேரில இருக்கிற துவக்கை நீர் தோளில போட்டுக்கொண்டு வயலுக்குப் போறீரோ? எழுத வேண்டாம், யோசியும்.

கிண்ணியா நானா

ஐயா சொன்னது சரி. நான் வயல் பக்கத்தால கதைக்கிறன்.

தம்பி, ரெண்டாவது வெடி இல்லாததால பண்டி தப்பல்ல. முதல் வெடி தூரத்தில வைக்கிறதாலதான் தப்புது. எஸ்ஜி எண்ட பெரிய சன்னத் தோட்டாவில அவுன்சுக்கு எட்டுச் சன்னம். முப்பது யார் தாண்டினா அது விரிஞ்சு, ஒண்டு ரெண்டுதான் படும். காயப்பட்ட பண்டி பத்தைக்குள்ள போய்ப் படுத்திடும். விடியக்காலையில மாடு சாய்க்கப் போறவன்தான் அதுக்கு ஆள். செமி ஓட்டோ கையில இருந்தா மூண்டையும் அடுத்தடுத்து விடத்தான் மனம் வரும், அதுவும் இருட்டில. பின்னால யார்ட வாடி, யார்ட மாடு எண்டு டோர்ச் வெளிச்சத்தில தெரியுமா?

கிட்டத்தில இருந்து, பரணுக்கு மேல இருந்து, கீழ்நோக்கி ஒரு வெடி. அதுக்கு உங்கட வாப்பாட ஒற்றைக்குழலே போதும். ரெண்டு வெடிதான் வேணுமெண்டா இரட்டைக்குழலுக்கு விண்ணப்பியுங்க, அது கச்சேரிக்குப் பழக்கமான விஷயம்.

உங்கட பக்கம் யானையும் வருமே. அதுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தில யானைவெடி கேளுங்க, துவக்கைத் தூக்காதீங்க. கட்டுத்துவக்குக் கட்டுறதும் தீனிக்குள்ள வெடி வைக்கிறதும் பாவத்திலும் பாவம். யானைக்குட்டி வாய் கிழிஞ்சு பட்டினியில சாகிறது அதாலதான். அல்லைப் பக்கம் சொந்தக்காரர் வயல் எண்டு போறதெண்டா சேருவில – அல்லை சரணாலய எல்லை எதில எண்டு கேட்டுட்டுப் போங்க. எல்லைக்குள்ள பண்டியையும் சுட ஏலாது.

தம்பலகாமத்து வயல்காரன்

ஐயா, நானா, ரெண்டு பேருக்கும் நன்றி. எனக்கு வாங்கிற கதையை விட்டுட்டன். அப்பாவோட கதைச்சுக் கச்சேரிப் பக்கம் பார்க்கிறன்.

ஆனா மச்சான் வாங்கத்தான் போறார், அவருக்கு அங்க லைசன்ஸ் இருக்கு. நான் இங்க கேட்டதைப் பார்த்திட்டு "அப்ப எனக்கெண்டாலும் கேட்டுச் சொல்லு" எண்டுறார். ஆள் இடதுகைக்காரர். தோளில பழைய நோ ஒண்டு இருக்கு. கூட்டாளியின்ட புது இனேர்ஷியா துவக்கைக் கழகத்தில, கூட்டாளி பக்கத்தில நிற்க, சுட்டுப் பார்த்தவராம். 24 கிராம் (சன்னத்தின்ட நிறை) தோட்டாவில வெடிச்ச கோது வெளியில வராமச் சிக்குதாம். 32 கிராம் போட்டா ஓடுதாம், ஆனா தோள் நோகுதாம். துவக்குப் பழுதோ?

உவர்மலை – ஒஷாவா

பிறந்தது உவர்மலை, இப்ப ஒஷாவா. இந்தக் கேள்வி என்ட ஏரியா.

துவக்கில பழுதில்லை, அதின்ட இயல்பு அது. இனேர்ஷியா எண்டா, வெடிக்கேக்க துவக்கு முழுக்கப் பின்னால தள்ளுப்படும். உள்ள அறையை மூடியிருக்கிற போல்ட் பாரம் இருந்த இடத்தில நிற்கப் பார்க்கும். அதால ஒரு தடிச்ச ஸ்பிரிங் அமுங்கும். அந்த ஸ்பிரிங் திருப்பி விரியிற விசையிலதான் போல்ட் திறந்து கோது வெளியில போகும். 24 கிராம் தோட்டா துவக்கைப் போதாதளவுக்குத்தான் தள்ளும். ஸ்பிரிங் அரைகுறையா அமுங்கும், கோது பாதியில நிற்கும். புதுசு எண்டா இன்னும் இறுக்கம். முதல்ல கொஞ்சம் பாரமான தோட்டாவில ஓட்டிப் பழக்கச் சொல்லித்தான் கொம்பனிக்காரரும் சொல்லுவினம். குளிர் காலமெண்டா உள்ளுக்குப் பூசின தடிச்ச எண்ணெயையும் துடைக்கச் சொல்லுங்கோ. மகசீன் குழாயில டோர்ச், பாரம் எண்டு எதையாவது கொழுவியிருந்தா அதையும் கழட்ட வேணும். துவக்கின்ட பாரம் கூடக் கூட அது பின்னால அசையிறது குறையும்.

காஸ் துவக்கு வேற மாதிரி. குழலில ஒரு சின்னத் துவாரத்தால காஸ் கொஞ்சம் இறங்கி பிஸ்டனைத் தள்ளும். போல்ட் ஓடுற நேரத்துக்கு உதைப்பு நீண்டு பரவிறதால தோளுக்கு ஒரு தள்ளு மாதிரித்தான் தெரியும், அடி மாதிரி இராது. தோள் நோ உள்ள ஆள், ஞாயிறு ஞாயிறா கிளே சுடுற ஆள் எண்டா, ரெண்டாவது பேச்சு இல்லை, காஸ். விலை என்னெண்டா துப்புரவு. பிஸ்டனில கரி பிடிக்கும், கழட்டித் துடைக்க வேணும்.

அறை மூண்டு அங்குலம் போதும். கிளே எல்லாம் ரெண்டே முக்கால் அங்குலத் தோட்டாதான். கனடா வாத்துக்கு மூண்டு அங்குல ஸ்டீல் தாராளம். மூண்டரை எடுத்தா அதைப் போட்டுச் சுட ஆசை வரும், பிறகு தோள் வைத்தியரிட்டப் போக வேணும். குழல் 28 அங்குலம். 26 சதுப்புப் பத்தைக்குள்ள லேசு, ஆனா ஓடுற தட்டுக்குப் பின்னால ஆட்டிக்கொண்டு போக நீளம் உதவும்.

ஸ்டீல் எண்டதும் சோக் (குழல் வாயை ஒடுக்கிற துண்டு). இங்க நீர்ப்பறவைக்கு ஈயச் சன்னம் தடை. ஸ்டீல் நசியாது. ஃபுல் சோக்குக்குள்ளால பெரிய ஸ்டீல் சன்னத்தை விட்டா குழலுக்குக் கேடு. வாத்துக்கு மொடிஃபைட் அல்லது இம்ப்ரூவ்ட் சிலிண்டர், ஸ்கீட் எண்ட கிளேப் போட்டிக்கு ஸ்கீட் சோக். மாத்திக்கொள்ளுற சோக் பெட்டியோட வரும்.

புலம்பெயர் பறவை சுடேக்க துவக்கில மொத்தம் மூண்டு தோட்டாவுக்கு மேல போக ஏலாது. மகசீனுக்குள்ள ஒரு அடைப்புத் தடி வரும், அதைக் கழட்டி எறிய வேண்டாம் எண்டு மச்சானுக்குச் சொல்லுங்கோ. இங்க வேட்டை அதிகாரி வந்தா முதல் பார்க்கிறது அதைத்தான்.

நயாகராக் கரை

ஒஷாவா அண்ணை சொன்னதில ஒண்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டன். சேறு, மழை, உறைபனி எண்டு வாத்துக்குப் படுத்துக் கிடக்கிற ஆளுக்கு இனேர்ஷியா மாதிரி வராது. பெனெல்லி எம்2 மூண்டேகால் கிலோ அளவுதான். முழங்கால் சேத்தில நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தாத் தெரியும். கரியும் உள்ளுக்குப் போறேல்லை.

உவர்மலை – ஒஷாவா

அந்த மூண்டேகால் கிலோவுக்காகத்தானே உதைக்குது! தம்பி, நீர் வாத்து மட்டும் சுடுற ஆள். அவர் கேட்டது வருஷம் முழுக்கக் கிளேயும், ரெண்டு மாதம் வாத்தும். பெனெல்லியில இன்னொண்டும் இருக்கு. போல்டை மெல்லமா மூடினா முழுக்கப் பூட்டாது, விசையை இழுத்தா "கிளிக்" எண்டு மட்டும் கேட்கும். வாத்து தலைக்கு மேல வரேக்க அந்தச் சத்தம் கேட்டவனுக்குத்தான் அதின்ட வேதனை தெரியும். கையை விட்டு, தானா அடிச்சு மூட விட வேணும்.

மெல்பேண் வாசி

இடையில ஒரு சொல்லு. அவுஸ்திரேலியாவில இருக்கிற சொந்தங்கள் இதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். 1996 போர்ட் ஆர்தர் துப்பாக்கிச்சூட்டுச் சம்பவத்துக்குப் பிறகு இங்க செமி ஓட்டோ ஷொட்கன் சீ வகுப்பு, சாதாரண ஆளுக்குக் கிடையாது. நாங்கள் மேல்கீழ் இரட்டைக்குழலோட சந்தோஷமா இருக்கிறம். ஒலிம்பிக்கில ட்ராப் எண்ட கிளேப் போட்டி சுடுறவையும் அதைத்தான் பிடிக்கினம். 24 கிராம் தோட்டா, தட்டுக்கு ஆகக்கூட ரெண்டு வெடி. அதுக்கு மேல எதுக்கு?

தம்பலகாமத்து வயல்காரன்

மச்சான் வாசிச்சிட்டார். காஸ் எண்டு முடிவு. இப்ப எந்தக் கொம்பனி எண்டு கேட்கிறார். இடதுகை விஷயத்தை யாரும் சொல்லேல்லையே?

உவர்மலை – ஒஷாவா

உண்மை, அதுதான் அவருக்கு முதல் கேள்வியா இருந்திருக்க வேணும். சாதாரண செமி ஓட்டோ கோதை வலப்பக்கத்தால எறியும். இடது தோளில வைச்சா அது முகத்துக்கு முன்னால குறுக்க போகும். ஆபத்து எண்டு இல்லை, ஆனா கண் சிமிட்டும். கண் சிமிட்டினாத் தட்டு போச்சு. பாதுகாப்புப் பொத்தானும் தப்புப் பக்கம் அமுக்க வரும். வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4, பெரெட்டா ஏ400 எக்ஸ்ட்ரீம் பிளஸ் ரெண்டும் காஸ், ரெண்டிலயும் இடதுகை வடிவம் இருக்கு. முந்தினது மலிவு, பிந்தினது மூண்டரை அங்குல அறை, சோங்குக்குள்ளயே (தோளில வைக்கிற பின்கட்டை) உதைப்பு வாங்கி இருக்கு. தோளுக்கு அது சுகம். மூண்டரை அறைக்குள்ள ரெண்டே முக்கால் தோட்டாவும் ஓடும். அறை நீளமெண்டதால நீளத் தோட்டாதான் போட வேணுமெண்டு சட்டமில்லை.

கொம்பனிப் பேருக்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். பெனெல்லி, ஃப்ரான்கி, ஸ்டோகர் எல்லாம் 1526இல இருந்து குழல் செய்யிற பெரெட்டா குடும்பத்துக்குக் கீழதான் இருக்கு. கடையில போய் சுவரில ஒரு புள்ளியைப் பார்த்து, கண்ணை மூடி, துவக்கைத் தோளில ஏத்தி, கண்ணைத் திறக்கச் சொல்லுங்கோ. துவக்கு வெறுமையோ எண்டு கடைக்காரரும் அவரும் பார்த்த பிறகு. முன்மணி புள்ளிக்கு நேரா நிண்டா அதுதான் அவர்ட துவக்கு. ஒரு பக்கம் சரிஞ்சா சோங்குக்கும் துவக்கின்ட உடலுக்கும் நடுவில வைக்கிற தகடு மாத்தித் திருத்தலாம். அப்படியும் வராட்டி அடுத்ததைத் தூக்க வேண்டியதுதான்.

கழகத்தில அவருக்கு ஒரு பழக்கமும் சொல்லி வையுங்கோ. மேல்கீழ் துவக்கை மடிச்சாத் தூரத்தில இருந்தே வெறுமை எண்டு தெரியும். செமி ஓட்டோவில தெரியாது. நடக்கேக்க போல்ட் திறந்தபடி, அறைக்குள்ள நிறக்கொடி செருகினபடி போனாத்தான் மற்ற ஆக்கள் நிம்மதியா நிற்பினம்.

தம்பலகாமத்து வயல்காரன்

அருமை அண்ணை, அப்படியே அனுப்பிட்டன். கடைசியா என்ட வீட்டுக் கேள்வி. அப்பாட ஒற்றைக்குழலை எடுத்துப் பார்த்தம். துணி உறைக்குள்ளயே கிடந்தது. வெளியில கறள். இதைத் துடைச்சுப் பாவிக்கலாமோ, இல்லாட்டி இரட்டைக்குழலுக்கே விண்ணப்பிக்கிறதோ?

கந்தளாய்க் காவலன்

துடைக்கிறது அப்பா, நீர் பக்கத்தில நில்லும். கொட்டியாரக் குடாக் காத்து உங்கட வயல் மட்டும் வருது, உப்பும் ஈரமும் சேர்ந்து துணி உறைக்குள்ள ஒளிச்சிருக்கும். உறையை எறியும். குழலைப் பின்பக்கத்தால வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாரும். வெளியில மேலோட்டக் கறள் எண்டா எண்ணெயும் மெல்லிய இரும்புப் பஞ்சும் போதும். உள்ளுக்குக் குழி விழுந்திருந்தா, இல்லாட்டிக் குழலில நெளிவு இருந்தா, துவக்குத் திருத்திற ஆள் பார்க்கும் மட்டும் ஒரு வெடியும் வைக்க வேண்டாம்.

குழலுக்குக் கீழ, பூட்டுற இடத்தில, அறை நீளம் குத்தியிருக்கும். அந்தக் கால இங்கிலாந்துத் துவக்குகள் சிலது ரெண்டரை அங்குலம், 65 மி.மீ. இப்ப வாற தோட்டா 70 மி.மீ. உள்ளுக்குப் போகும், மூடவும் செய்யும், அதுதான் வில்லங்கம். வாய் விரிய இடமில்லாமப் போய் அழுத்தம் ஏறும். என்ன குத்தியிருக்கு எண்டு பார்த்துச் சொல்லும்.

தம்பலகாமத்து வயல்காரன்

பார்த்தம் ஐயா, ரெண்டே முக்கால் எண்டு இருக்கு. உள்ளுக்குப் பளபளப்பு, ஒரு இடத்தில மட்டும் கறுப்பா ஒரு புள்ளி.

கந்தளாய்க் காவலன்

அப்ப 70 மி.மீ. சரி. அந்தப் புள்ளியை வெண்கலத் தூரிகையால நாலு தரம் இழுத்துப் பாரும். அழிஞ்சா கரி, அழியாட்டிக் குழி. குழியெண்டா திருத்துறவரிட்டக் கொண்டு போகலாம், அதுவும் லைசன்ஸ் புத்தகத்தோட அப்பாதான் கொண்டு போக வேணும்.

புதுப்பிக்கிறது ஒக்டோபர் முதலாம் திகதியில இருந்து டிசம்பர் 31 மட்டும். முதல் கிழமையிலயே அப்பாவைக் கூட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போம். உம்மட பேரில இரட்டைக்குழலுக்கு என்னென்ன கடிதம் வேணுமெண்டு அண்டைக்கே கேட்டுக்கொண்டு வாரும். விதானையாரிட்டயும் கமநல சேவை நிலையத்திலயும் வயல் சேதத்தை இப்பவே எழுதிப் பதிஞ்சு வையும், அறுவடை முடிஞ்சாப் பிறகு போனா காட்டச் சேதம் இராது.

கிண்ணியா நானா

பண்டி கிளறின மூலையைப் பகல் வெளிச்சத்தில படம் எடுத்து வைங்க தம்பி. ராவில எடுத்த படத்தில ஒண்டும் தெரியாது.