சிட்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சின்ன எஸ்யூவி பெட்ரோலா, எலெக்ட்ரிக்கா?

வேலையில் சேர்ந்து, வாடகைக்கு வீடும் பிடித்தாயிற்று என்றால் அடுத்த பேச்சு கார்தான். வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் குடியேறுகிற நம் ஆட்கள் பெரும்பாலும் சின்ன எஸ்யூவிதான் பார்க்கிறார்கள், பார்த்த உடனேயே குழப்பமும் வந்துவிடுகிறது. ஹூண்டாய் கோனா பெட்ரோலிலும் கிடைக்கிறது, எலெக்ட்ரிக்கிலும் கிடைக்கிறது. எம்ஜி ஷோரூமுக்குப் போனால் அங்கேயும் இரண்டையும் காட்டுகிறார்கள். ஆபீஸில் ஒருவர் "இனிமேல் யாராவது பெட்ரோல் கார் வாங்குவார்களா" என்பார், இன்னொருவர் "பேட்டரி போச்சுன்னா தொலைஞ்சீங்க" என்று பயமுறுத்துவார். இரண்டு பேருமே அவரவர் வீட்டு நிலைமையை வைத்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் காரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் வீட்டைப் பாருங்கள். ராத்திரி கார் எங்கே நிற்கும்? நிற்கிற இடத்தில், உங்கள் மீட்டரில் ஓடுகிற ஒரு பவர் பாயிண்ட் இருக்கிறதா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி முடிவு எடுத்த மாதிரி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சின்ன பெட்ரோல் எஸ்யூவி 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 லிட்டர் குடிக்கும். லிட்டர் 1.90 டாலர் என்று வைத்தால் 13 டாலர் 30 சென்ட். அதே அளவு எலெக்ட்ரிக் கார், சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 17 யூனிட் எடுக்கும். வீட்டில் சாதாரணத் திட்டத்தில் யூனிட் 35 சென்ட் என்றால் 6 டாலருக்குச் சற்றுக் கீழே. எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கென்றே சில மின்சார நிறுவனங்கள் நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை யூனிட்டை 10 சென்ட்டுக்கும் கீழே தருகின்றன, ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் போதும், அப்போது 100 கிலோமீட்டருக்கு 2 டாலர்கூட ஆகாது. ஆனால் வீட்டில் வசதி இல்லாமல் எல்லாவற்றையும் வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் ஏற்றினால், யூனிட் 65 சென்ட் என்று பிடித்தால்கூட 11 டாலர் வந்துவிடும். வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இது பெட்ரோலில் 1,600 டாலர், வெளியே மட்டும் சார்ஜ் செய்தால் 1,300, வீட்டில் நள்ளிரவு ரேட்டில் 200. ஒரே கார்தான், நிற்கிற இடம்தான் வேறு. வெளியே சார்ஜ் செய்து மிச்சமாகும் அந்த 300 டாலருக்காக வாரம் தவறாமல் ஷாப்பிங் சென்டரில் காத்துக் கிடக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சார்ஜ் என்றதும் பெரிய சார்ஜர் மாட்ட வேண்டும், எலெக்ட்ரீஷியனுக்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டும் என்று நினைக்காதீர்கள். சாதாரண 10 ஆம்பியர் பவர் பாயிண்டில் செருகும் கேபிள் ஒன்று உண்டு, சில கார்களுடன் வரும், சிலவற்றுக்குத் தனியாக வாங்க வேண்டும். அது மணிக்கு 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றும். ராத்திரி 10 மணி நேரம் நின்றால் 120 கிலோமீட்டர் ஓட்டத் தேவையானது ஏறிவிடும். வெஸ்ட்மீட்டிலிருந்து சிட்டிக்குப் போய்வர 50 கிலோமீட்டர் சொச்சம், ஆக தாராளம். எக்ஸ்டென்ஷன் கார்டு மட்டும் வேண்டவே வேண்டாம். மணிக்கணக்கில் முழு லோடில் ஓடும்போது பிளக் சூடாகும், பழைய வாடகை வீடாக இருந்தால் முதல் சில நாள் ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு வீட்டு ஏஜெண்டுக்கு எழுதுங்கள்.

அபார்ட்மெண்ட் என்றால் கதையே வேறு. பார்க்கிங்கில் தூண் ஓரமாக ஒரு பவர் பாயிண்ட் இருக்கும், அது பெரும்பாலும் கட்டடத்தின் பொது மீட்டரில் ஓடுவது, கேட்காமல் செருகினால் ஸ்ட்ராட்டாவிலிருந்து (கட்டடத்தின் ஓனர்கள் சங்கம்) கடிதம் வரும். நியூ சவுத் வேல்ஸில் 2021-இலிருந்து சார்ஜர் மாதிரியான வசதிகளுக்கு ஸ்ட்ராட்டா தீர்மானம் சுலபமாகியிருக்கிறது, எதிர்ப்பு ஓட்டு பாதிக்குக் குறைவாக இருந்தாலே தீர்மானம் நிறைவேறும். ஆனால் ஓட்டுப் போடுவது வீட்டு ஓனர், நீங்கள் வாடகைக்காரர். ஒரு வருட ஒப்பந்தத்தில் இருக்கும் வீட்டுக்காக ஓனரைப் பிடித்து, அவர் கமிட்டியைப் பிடித்து, எலெக்ட்ரீஷியன் வந்து மாட்டி முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பியிருப்பீர்கள்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால், நல்ல செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் காரோ டொயோட்டா யாரிஸ் கிராஸ் மாதிரி ஹைபிரிடோ (பெட்ரோலோடு சின்ன பேட்டரியும் சேர்ந்து ஓடுவது) வாங்கி ஓட்டுங்கள். ஸ்கோஃபீல்ட்ஸ், தி பாண்ட்ஸ் பக்கம் தனி கராஜோடு வீடு எடுத்திருக்கிறீர்கள், தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது என்றால் தயங்காமல் எலெக்ட்ரிக்குக்குப் போகலாம்.

அடுத்தது நாவேட்டட் லீஸ், அதாவது கம்பெனி உங்கள் சம்பளத்திலிருந்தே பிடித்துக் கட்டும் கார் லீஸ். வேலைக்குச் சேர்ந்த வாரமே இதை விற்க மெயில் வரும். 2022 ஜூலை 1 முதல் ஒரு குறிப்பிட்ட விலைக்குள் இருக்கும் எலெக்ட்ரிக் காரை இப்படி எடுத்தால் எஃப்பிடி (கம்பெனி சம்பளத்துக்கு மேல் தரும் சலுகைகள் மீதான வரி) இல்லை, நாம் பேசுகிற சின்ன எஸ்யூவி எல்லாமே அந்த வரம்புக்குள் வருபவைதான். கார் தவணை, ரெஜோ (கார் பதிவுக் கட்டணம்), இன்ஷூரன்ஸ், டயர் எல்லாம் வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்தே போகும், சம்பளம் உயர உயர லாபம் கூடும். பெட்ரோல் காருக்கு இந்த அளவு சலுகை கிடையாது, பிளக்கில் சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைபிரிடுக்கும் 2025 ஏப்ரல் 1-உடன் முடிந்துவிட்டது. பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) இருக்கிறது, வேலை நிலையானது, சொந்த பவர் பாயிண்டும் இருக்கிறது என்றால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சலுகை மாறக்கூடியது, ஆகவே கையெழுத்துப் போடும்போது அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

482 விசாவில் (கம்பெனி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசா) வந்திருப்பவர்கள் இங்கேதான் நிதானிக்க வேண்டும். வேலை போனால் லீஸ் உங்கள் தலையில், வரி கட்டிய பின் மிஞ்சும் பணத்திலிருந்து மாதாமாதம் கட்ட வேண்டும், அதே சமயம் 180 நாட்களுக்குள் அடுத்த ஸ்பான்சரையும் தேட வேண்டும். இன்னொன்று, லீஸ் முடியும்போது கட்ட வேண்டிய மிச்சத் தொகை. வரி அலுவலகம் வைத்திருக்கும் குறைந்தபட்சம் 3 வருட லீஸுக்கு கார் விலையில் 46.88 சதவீதம், 5 வருடத்துக்கு 28.13. 45,000 டாலருக்கு 3 வருடம் எடுத்தால் கடைசியில் 21,000 டாலருக்கு மேல் மொத்தமாக நிற்கும். புதுப்புது சீனக் கார்கள் குறைந்த விலைக்கு வந்து இறங்குவதால் பழைய எலெக்ட்ரிக் கார்களின் மறுவிற்பனை விலை வேகமாகச் சரிகிறது, அன்றைக்குக் காரை விற்றால் அந்த 21,000 வருமா என்று லீஸ் விற்பவரிடமே கேளுங்கள். அப்புறம், எஃப்பிடி இல்லை என்றாலும் இந்தக் கார் சலுகையின் மதிப்பு உங்கள் வருமானக் கணக்கில் காட்டப்படும், சைல்டு கேர் சப்சிடி (குழந்தைக் காப்பகக் கட்டணத்துக்கான அரசு உதவி) வாங்குகிற குடும்பத்துக்கு அந்த உதவி கொஞ்சம் குறையலாம்.

தூரப் பயணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், எனக்கு அது சின்ன விஷயமாகத்தான் படுகிறது. ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போய்வர எந்தக் காரும் போதும். கான்பெராவுக்கு 280 கிலோமீட்டர் சொச்சம், 60 யூனிட் பேட்டரி இருந்தால் 110 வேகத்தில் போனாலும் வழியில் கோல்பர்னில் நிறுத்தி ஒரு காபி குடிக்கிற நேரம் சார்ஜ் செய்தால் நிம்மதியாகப் போகலாம். ஈஸ்டர், கிறிஸ்துமஸ் லீவில் மட்டும் வரிசை இருக்கும், காலையில் சீக்கிரம் கிளம்புங்கள்.

இதைவிட முக்கியம் பின் சீட். இங்கே 7 வயது வரை குழந்தைக்கு அதற்கான சீட் கட்டாயம். இரண்டு குழந்தைகள் இருந்தால், அந்த இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஊரிலிருந்து வரும் அம்மாவோ மாமியாரோ உட்கார முடியுமா? சின்ன எஸ்யூவியில் பெரும்பாலும் முடியாது. டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது குழந்தை சீட்டைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். எலெக்ட்ரிக்கில் பேட்டரி அடியில் இருப்பதால் தரை சற்று உயர்ந்து முழங்கால் தூக்கி நிற்கும், உயரமானவரைப் பின்னால் உட்காரவைத்துப் பாருங்கள். டிக்கியையும் திறந்து பாருங்கள், பல எலெக்ட்ரிக் கார்களில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான்.

பெட்ரோல் என்றே முடிவானால், பெட்ரோல் டேங்க் மூடியின் உட்பக்கம் எந்தப் பெட்ரோல் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். 91 ஆக்டேன் அல்லது எத்தனால் கலந்த இ10 போதும் என்றால் நல்லது, சில ஐரோப்பிய கார்கள் 95 கேட்கும், நாம் மேலே போட்ட கணக்கு அப்போது இன்னும் ஏறும். விலை இங்கே வாரக்கணக்கில் ஏறி இறங்கும், மாநில அரசின் ஃபியூயல்செக் ஆப்பில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் எதுவானாலும் பணம் கொடுப்பதற்கு முன் 2 டாலர் கட்டி அரசின் பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் தேடல் செய்துவிடுங்கள், காரின் மேல் கடன் இருக்கிறதா, விபத்தில் ரைட்-ஆஃப் (ரிப்பேருக்கு லாயக்கில்லை என்று கழிக்கப்பட்டது) ஆனதா என்று தெரிந்துவிடும். 5 வருடத்துக்கு மேலான காருக்கு ஒவ்வொரு வருடமும் பிங்க் ஸ்லிப் (கார் ஓடத் தகுதியானது என்ற சோதனைச் சான்று) வேண்டும். பழைய எலெக்ட்ரிக் என்றால் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை கேளுங்கள், பெரும்பாலும் 8 வருடம் அல்லது 160,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கும், அதில் எவ்வளவு மிச்சம் என்பதை வைத்து விலை பேசுங்கள். இரண்டு காருக்குமே இன்ஷூரன்ஸ் கோட் எடுத்துப் பாருங்கள், எலெக்ட்ரிக்குக்கு வருடத்துக்குச் சில நூறு டாலர் கூடுதலாக வந்தால் அதையும் பெட்ரோல் மிச்சத்தில் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.