கடலோரக் கண்மாய் ஊர்களில் பம்புசெட்டு ஏன் பெருகவில்லை?

கேள்வி: மின்சாரம் வந்ததும் கோவைப் பக்கம் கிணற்றுப் பாசனம் பெருகியது என்கிறார்கள், ராமநாதபுரம் கடலோரத்துத் திருப்புல்லாணி, தேவிபட்டினம் பகுதிகளில் அவ்வாறு நிகழாதது ஏன்?

மறுமொழி 1: 1932இல் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம் கோவைக்கு அருகில் இருந்தது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் நிலத்தடி நீர்தான். கடலோரத்தில் அதிகமாக இறைத்தால் உவர்நீர் ஏறிவிடும் என்பதால், மோட்டார் இருந்தும் நெல்லுக்குப் பாய்ச்ச இயலாத கிணறுகள் இங்கே ஏராளம். 1990இல் உழவர்கள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமான பிறகும் கண்மாயையும் மழையையும் நம்பியே பயிரிடுகிறோம்.

மறுமொழி 2: உப்புக்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீங்கான் இன்சுலேட்டரில் படிந்த உப்பு, விடியற்காலைப் பனியில் நனைந்ததும் மின்சாரத்தைக் கசியவிடும். கம்பத்தில் பொறி பறப்பதைப் பார்த்தே வளர்ந்தோம்.

கேட்டவர்: நன்றி ஐயா. அப்படியானால், வயலுக்கு ஆகாத அதே உவர்நீரை மோட்டார் வைத்து இறைக்கும் உப்பளங்களுக்குத்தான் மின்சாரம் கூடுதலாகக் கைகொடுத்திருக்கிறது!