பள்ளிக்கூடமும் பாக்ஸிங்கும்: என் அனுபவம்

எட்டாம் வகுப்பில் பாக்ஸிங் பயிற்சியில் சேர்ந்தவள் நான். பள்ளி முடியும்வரை விடவில்லை, கல்லூரியிலும் போட்டிகளுக்குப் போனேன். இப்போது வேலை முடிந்த மாலைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பேட் பிடிக்கிறேன், அதாவது அவர்கள் குத்திப் பழகும் மெத்தையைக் கையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அவர்களுடைய அப்பா அம்மாக்கள் ஓரமாக வந்து கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "படிப்பு கெட்டுப்போகாதா?" நின்ற இடத்தில் பதில் சொல்லி அனுப்பிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால் நான் பார்த்ததையும் பட்டதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நேரம் போதாது என்றுதான் முதலில் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் பாக்ஸிங் நாள் முழுவதையும் விழுங்குகிற விளையாட்டு இல்லை. 15, 16 வயது ஜூனியர் பிரிவில் ஒரு போட்டி என்றால் இரண்டு நிமிட ரவுண்டு மூன்று. 17, 18 வயது யூத் பிரிவில் மூன்று நிமிட ரவுண்டு மூன்று. நடுவில் ஒரு நிமிட ஓய்வு. பயிற்சியும் அந்த ரவுண்டுக்கு அடிக்கும் மணியை ஒட்டியே நடக்கும். ஸ்கிப்பிங், ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), பேக் (தொங்கும் மூட்டையைக் குத்துவது), பேட் எல்லாம் சேர்ந்து மாலையில் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கஷ்டம் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

பேக்கில் நாலைந்து ரவுண்டு அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். முன்கை இறுகிப்போய் இருக்கும். கிளவுஸுக்குள் பேண்டேஜ் துணி சுற்றியிருந்த தடம் மணிக்கட்டில் இன்னும் சிவப்பாகத் தெரியும். பேனாவைப் பிடித்தால் விரல் நடுங்கும், எழுத்து கோட்டை விட்டு இறங்கிப் போகும். கை வலியை விட, தெரிந்த கணக்கை எழுத முடியவில்லையே என்ற எரிச்சல்தான் அதிகம். எழுத்து வேலையெல்லாம் பயிற்சிக்கு முன்னால், படிப்பது மட்டும் பயிற்சிக்குப் பின்னால் என்று நான் பிரித்துக்கொண்டது இதனால்தான். வீட்டுப்பாடத்தை முடிந்தவரை பள்ளியிலேயே, மதிய இடைவேளையிலும் ஆசிரியர் வராத பீரியடிலும் எழுதிவிடுவேன். கணக்கு ஞாயிற்றுக்கிழமை காலைக்கு. வரலாறு, உயிரியல் மாதிரி வாசித்து மனதில் வாங்க வேண்டியவை ராத்திரிக்கு. எல்லாருக்கும் இதே ஒழுங்கு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாக்ஸிங் பழகும் பிள்ளையின் கால அட்டவணையைப் போடும்போது கையையும் ஒரு கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேண்டேஜைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஈரமான பேண்டேஜைப் புத்தகப் பையில் திணிக்காதீர்கள். நாலு மீட்டருக்கு மேல் நீளமான துணி அது, குடித்த வியர்வையை ஒரே ராத்திரியில் புத்தகத்துக்குக் கொடுத்துவிடும். அன்றன்றைக்கே துவைத்து விரித்துக் காயப்போட வேண்டும். இதைச் செய்கிற பிள்ளை பாடத்தையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதைத்தான் நான் பெரும்பாலும் கவனித்திருக்கிறேன்.

அடுத்தது தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. விடியற்காலை ஐந்து மணி ஓட்டத்துக்குப் போகிற பிள்ளை ஒன்பது மணிக்குப் படுத்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். பதினொன்றரை வரை படித்துவிட்டு ஐந்துக்கு எழுந்து ஓடுவதைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் மாஸ்டரிடம் அந்தப் பெருமை செல்லாது. பயிற்சிக்கு உள்ளே நுழைந்ததுமே கேட்பார், "நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே?" பதினொன்று என்று சொன்னால், "சரி, கிளவுஸைக் கழட்டி வை, கயிறு எடுத்துக்கோ." அவ்வளவுதான், அன்றைக்கு ஸ்பாரிங், அதாவது ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகுவது, கிடையாது. தூக்கம் கெட்டவனுக்குக் கண்ணும் கையும் தாமதமாகத்தான் வேலை செய்யும், எதிரில் வரும் அடி தெரிவதற்குள் பட்டுவிடும் என்பார். தேர்வு மாதங்களில் காலை ஓட்டத்தையே அவர் எடுத்துவிடுவார். காலை ஓட்டம், ராத்திரிப் படிப்பு இரண்டில் ஏதாவது ஒன்றுதான், இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள அவர் யாரையும் விட்டதில்லை.

எனக்கு ஒன்பதாம் வகுப்பில் இருந்த வகுப்பாசிரியைக்கு நான் பாக்ஸிங் போவது அறவே பிடிக்கவில்லை. "மூக்கு உடைஞ்சு வந்து நின்னா யாரு பதில் சொல்றது?" என்று அம்மாவைக் கூப்பிட்டே கேட்டார். அம்மா சண்டைக்குப் போகவில்லை. "நீங்களே ஒரு தடவை வந்து பாருங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். ஆசிரியை ஒரு மாலை வந்தார். ஒரு மணி நேரம் சுவர் ஓரமாக நின்று பார்த்தார். அன்றைக்கு முழுக்க எங்களுக்குக் கால் நகர்த்தும் பயிற்சிதான், ஒருவர் மேல் ஒருவர் கை வைக்கவே இல்லை. போகும்போது மாஸ்டரிடம் எங்கள் பள்ளித் தேர்வு அட்டவணையின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மாஸ்டர் அதை ரவுண்டு மணிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினார்.

அந்தத் தாள் ஒட்டிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே ஸ்பாரிங் நின்றுவிடும். ஸ்கிப்பிங், ஷேடோ, கொஞ்சம் பேட், அரை மணி நேரத்தில் வீடு. ஒரேயடியாக நிறுத்தச் சொல்லும் வீடுகளும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தினமும் உடம்பை அசைத்துப் பழகிய பிள்ளையைத் திடீரென்று மேசைக்கு முன்னால் கட்டிப்போட்டால் படிப்பும் ஓடாது, தூக்கமும் வராது. குறையுங்கள், ஆனால் அறுத்துவிடாதீர்கள்.

இனி தலையைப் பற்றி. படிப்பு கெடுமா என்று கேட்பவர்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் எண்ணம்.

எனக்கு ஒரு வகுப்பு மூத்த அண்ணன் ஒருவர் எங்களோடு பழகிக்கொண்டிருந்தார். ஜாப், அதாவது முன்னால் இருக்கும் கையால் நேர் குத்து, போட்டால் கண் சிமிட்டுவதற்குள் கை திரும்பிவிடும், அவ்வளவு வேகம். கணக்கிலும் கெட்டி. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நெருங்கிய ஒரு நாள் ஸ்பாரிங்கில் பக்கவாட்டில் ஒரு ஹூக், அதாவது கையை வளைத்துப் போடும் குத்து, வாங்கினார். விழவில்லை, ரவுண்டை முடித்தார், சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். மறுநாள் வகுப்பில் அவரைப் பலகையில் ஒரு கணக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வரி எழுதிவிட்டு சாக்பீஸைப் பிடித்தபடி நின்றாராம். எழுதியதையே திரும்பத் திரும்பப் பார்த்தாராம். கணக்காசிரியர் அவரை உட்கார வைத்துவிட்டுத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். காலையிலிருந்து தலைவலி, ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, படித்த வரியே மறுபடி மறுபடி வருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. சொன்னால் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை. ஆசிரியர் உடனே வீட்டுக்கும் மாஸ்டருக்கும் போன் போட்டார்.

மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதால் வரும் இந்தப் பாதிப்பை டாக்டர்கள் கன்கஷன் என்கிறார்கள். மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. விழாமலும் வரும். ஹெட்கியர் என்ற தலைக்கவசம் போட்டிருந்தாலும் வரும். ஹெட்கியர் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. முதல் அடி ஆறுவதற்குள் தலையில் இன்னொரு அடி பட்டால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதுதான், ஆனால் அப்படி நடந்தவர்களில் பெரும்பாலானோர் இளம் வயதினர். 2016-இல் பெர்லினில் கூடிய விளையாட்டு மருத்துவ வல்லுநர்களின் ஒருமித்த அறிக்கை இதில் தெளிவாக இருக்கிறது. பிள்ளை முதலில் பள்ளிக்கு முழுமையாகத் திரும்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் விளையாட்டுக்கு. விளையாட்டுக்குத் திரும்புவதும் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு.

அண்ணனுக்கும் அதேதான் நடந்தது. டாக்டர் பார்த்தார், முதலில் ஓய்வு, அப்புறம் அரை நாள் பள்ளி, அப்புறம் முழு நாள். மெல்ல நடை, பிறகு கயிறு, பிறகு பேக். ஸ்பாரிங் கடைசியில், அதுவும் டாக்டர் சரி என்ற பிறகு. போட்டி போய்விட்டது. கணக்காசிரியரோடு அவர் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. எனக்கு அந்த ஆசிரியர் மேல் இன்றைக்கும் பெரிய மரியாதை. பாக்ஸிங்கைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் அவர். தன் மாணவனைத் தெரிந்தவர், அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்னொன்றையும் பெற்றோரிடம் மறைக்கக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் கனடா குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து 2011-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பிள்ளைகளும் பதின்வயதினரும் பாக்ஸிங் ஆடுவதை எதிர்க்கிறோம், தலையில் அடிப்பதே நோக்கமாக இல்லாத விளையாட்டுகளுக்கு அனுப்புங்கள் என்றது அந்த அறிக்கை. அதைப் படித்துவிட்டும் நான் பேட் பிடிக்கிறேன். ஆனால் அந்தக் கவலையை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்பாரிங் என்றால் பெரும்பாலும் ஜாப் மட்டும், அல்லது உடம்பில் மட்டும், அதுவும் பாதி வேகத்தில். முழு வேகத்தில் ஆட ஆசைப்படுகிற பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். வைத்துக்கொள்ளட்டும்.

எடை குறைக்கும் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். போட்டி அன்று காலையில் எடை பார்ப்பார்கள். எடை குறைந்த கீழ்ப் பிரிவில் நிற்பதற்காகத் தண்ணீரைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, அப்படியே வகுப்பிலும் போய் உட்காருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்களோடு பழகிய ஒரு தங்கை பாதி வகுப்பில் மேசை மேல் சாய்ந்துவிட்டாள். வளர்கிற வயது, எடை ஏறத்தான் செய்யும். மாஸ்டர் அவளை ஒரு பிரிவு மேலே மாற்றினார். முதல் போட்டியில் தோற்றாள், அழுதாள். ஆனால் வகுப்பில் விழித்திருந்தாள்.

பிள்ளைகள் என்னிடம் பெரிய பெயர்களைக் கொண்டுவந்து வாதாடுவார்கள். ஃபிளாய்ட் பேட்டர்சன் 1952-இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கும்போது வயது 17. வில்ஃபிரெட் பெனிட்டஸ் 1976-இல் உலக சாம்பியன் ஆனபோதும் 17. "அப்போ நான் எதுக்குக்கா பன்னிரண்டாவது முடிக்கணும்?" முகமது அலி 1960-இல் பள்ளியை முடித்த சில மாதங்களில்தான் ரோமில் தங்கம் வாங்கினார் என்று நான் சொல்வேன். ஹெவிவெயிட் என்ற அதிக எடைப் பிரிவை ஆண்ட கிளிச்கோ சகோதரர்கள் இருவருமே முனைவர் பட்டம் பெற்றவர்கள். மேரி கோம் பள்ளியைப் பாதியில் விட்டவர்தான், ஆனால் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேறி, பிறகு பட்டமும் வாங்கினார். எனக்குப் பிடித்த உதாரணம் நம் நாட்டு பாக்ஸர் நிகத் ஸரீன். 2011-இல் இளையோர் மட்டத்தில் உலகத் தங்கம். பெரியவர்கள் பிரிவில் உலகத் தங்கம் கிடைத்தது 2022-இல். இடையில் பதினோரு ஆண்டுகள், தோள்பட்டைக் காயம், அறுவை சிகிச்சை எல்லாம். பதினைந்து வயதில் பள்ளியை விட்டால் சீக்கிரம் மேலே போகலாம் என்று நம்புகிற பிள்ளைக்கு இந்த இரண்டு வருடங்களைத்தான் எழுதிக் காட்டுவேன். அதோடு, பழகுகிறவர்களில் மிகச் சிலருக்குத்தான் பாக்ஸிங் சோறு போடும். மற்றவர்களுக்கு வேறு ஒரு வேலை வேண்டும், அந்த வேலைக்குப் படிப்பு வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

சேர்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் பயிற்சியை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள், எப்போது திரும்ப விடுவீர்கள், யார் முடிவு செய்வார் என்று மாஸ்டரிடம் நேராகக் கேளுங்கள். தேர்வு நேரத்தில் ஸ்பாரிங் உண்டா என்றும் கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள். நல்ல பதில் வந்தால், பள்ளியின் தேர்வு அட்டவணையை முதல் நாளே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.