ஏற்காடு ஏற்றத்தில் நின்றுவிடும் பத்மினி: எலக்ட்ரிக் பம்ப் போட்டவர்கள் சொல்லுங்கள்

சேலத்தில் நண்பர்கள் சேர்ந்து பராமரிக்கும் 1989 பிரீமியர் பத்மினி, 1089 சிசி பெட்ரோல். மார்ச்சிலிருந்து இந்தப் பிரச்சினை. அடிவாரம் தாண்டி, பத்தாவது கொண்டை ஊசி வளைவுக்குள் இரண்டாவது கியரில் திணறி நின்றுவிடுகிறது. வெயில் நேரத்தில் மட்டும்தான். பைபாஸில் எவ்வளவு ஓட்டினாலும் தொந்தரவில்லை.

நின்றதும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பார்க் நீலமாக, நன்றாக வருகிறது. ஆனால் ஏசி பம்புக்கு (எஞ்சினில் பொருத்திய, டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் மெக்கானிக்கல் பம்ப்) முன்னால் உள்ள பிளாஸ்டிக் ஃபில்டரில் பெட்ரோல் பாதிக்கும் கீழே இறங்கி, குமிழ் குமிழாக ஓடுகிறது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். வேப்பர் லாக்தான் (சூட்டில் லைனிலேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடுவது), சந்தேகமே இல்லை.

ரேடியேட்டர் கிளீன் செய்தாயிற்று. டேங்க் மூடியின் காற்றுத் துளையும் சுத்தம். பம்புக்குப் புது டயாஃப்ரம் (பெட்ரோலை உறிஞ்சும் சவ்வு), புது பேக்கலைட் பேக்கிங் (பழைய தடிமனே, கூட்டினால் பம்பை இயக்கும் புஷ் ராடு எட்டாமல் ஸ்ட்ரோக் குறையும்). நன்றாக ஓடுகிற இன்னொரு பத்மினியின் கார்புரேட்டரை மாற்றிப் போட்டும் அதேதான்.

உறிஞ்சும்போது லைனில் அழுத்தம் குறைவதால் சூட்டில் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிறது. பின்னாலிருந்து பெட்ரோலைத் தள்ளினால் அந்தத் தொந்தரவு குறையும். அதனால் டேங்க் பக்கத்தில் 12 வோல்ட், 2–3 பிஎஸ்ஐ எலக்ட்ரிக் பம்ப் வைக்கப்போகிறோம். அதற்கு மேல் அழுத்தம் போனால் கார்புரேட்டரின் நீடில் வால்வு தாங்காது.

ஏசி பம்பைக் கழற்றி பிளேட் போட்டு அடைத்துவிடலாமா, இல்லை லைனிலேயே விட்டுவைக்கலாமா? விட்டுவைத்து டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக எஞ்சின் ஆயிலில் இறங்குமே!