200 மணி நேரம்: அமெரிக்காவா, இந்தியாவா?

வாடைக்காற்று: பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் எடுத்த தம்பிக்காகக் கேட்கிறேன். கிளாஸ் 2 மெடிக்கல் (விமானிக்கான முதல்கட்ட உடல் பரிசோதனை) ஆகிவிட்டது. இந்திய ஏர்லைனில் கோ-பைலட் ஆகணும். அதற்கு 200 மணி நேரம் பறந்து சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) வாங்கணும். அமெரிக்கப் பள்ளி ஒன்று பத்தே மாதத்தில் சிபிஎல் என்கிறது. அனுப்பலாமா?

ரன்வே25: தாராளமாக அனுப்புங்கள். வடக்கே டிசம்பர், ஜனவரியில் மூடுபனி, மற்ற இடங்களில் பருவமழை, போதாததற்கு விமானத்துக்காகக் காத்திருக்கும் மாணவர் வரிசை. அரிசோனாவில் வருஷம் முழுக்கப் பறக்கலாம். முடித்ததும் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் (மற்றவருக்குப் பறக்கக் கற்றுத்தரும் தகுதி) எடுத்து, சம்பளம் வாங்கிக்கொண்டே 1500 மணி நேரம் சேர்க்கலாம்.

லாக்புக்: அந்த 1500 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள் சார். 2009 கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு அமெரிக்கா தன் ஏர்லைன்களுக்கு 2013-ல் கொண்டுவந்த விதி அது. இந்தியாவில் கோ-பைலட் இருக்கைக்கு சிபிஎல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (ஐஆர், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி), டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) இருந்தால் போதும். 1500 இங்கே ஏடிபிஎல்லுக்குத்தான் (கேப்டன் ஆகத் தேவையான லைசென்ஸ்) வேண்டும், அதை வேலையில் இருந்துகொண்டே சேர்ப்பார்கள். பள்ளி தருவது எம்-1 விசா (தொழிற்பயிற்சி மாணவர் விசா) என்றால் இன்ஸ்ட்ரக்டர் சம்பளக் கணக்கை மறந்துவிடலாம். அதில் கிடைக்கும் பிராக்டிகல் டிரெய்னிங் நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம், அதிகபட்சம் ஆறு மாதம். எஃப்-1 விசாவில் (கல்லூரிப் படிப்பு மாணவர் விசா) ஓபிடி, அதாவது படிப்பு சார்ந்த வேலை செய்யும் அனுமதி, 12 மாதம் கிடைக்கும், ஆனால் அந்த விசா தரக்கூடிய பள்ளியாக இருக்கணும்.

ரன்வே25: சரி, 1500 வேண்டாம். 200-ஐயாவது வேகமாக முடிக்கலாமே? இங்கே ஒன்றரை, இரண்டு வருஷம் இழுக்கிறவர்கள் எத்தனை பேர்!

லாக்புக்: வேகம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே முடிந்த கணக்கு இங்கே முடிந்த கணக்கு ஆகாது. பார்ட் 141 பள்ளியில் (எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு, அங்கீகரித்த பாடத்திட்டப்படி நடத்தும் பள்ளி) 190 மணியிலேயே எஃப்ஏஏ கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கிவிடலாம். டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கேட்பது 200, அதில் 100 பிஐசி (விமானத்தின் பொறுப்பு விமானியாகப் பறந்த நேரம்). 141 பாடத்திட்டத்தில் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி 35 மணி, 50 மணி கிராஸ்-கன்ட்ரி (வேறு ஊருக்குப் பறக்கும் தொலைதூரப் பயணம்) பிஐசி கட்டாயமில்லை. இங்கே ஐஆருக்கு 40 மணி இன்ஸ்ட்ருமென்ட் (சிமுலேட்டரில் 20-க்கு மேல் எண்ணமாட்டார்கள்), கூடவே 50 மணி கிராஸ்-கன்ட்ரி பிஐசி. லைசென்ஸோடு ஊர் திரும்பிய பிறகு 10, 15 மணி குறைகிறது என்று தெரிந்தால், இங்கே பள்ளியில் இடம் தேடி, காசு கட்டிப் பறக்கணும்.

இன்னொன்று, அங்கே இரண்டு மாணவர் ஒரு செஸ்னா 172-ஐப் பகிர்ந்துகொண்டு, ஒருவர் ஹூட் (வெளியே தெரியாதபடி கண்ணை மறைக்கும் மறைப்பு) போட்டுப் பறக்க, மற்றவர் வெளியே கவனிக்கும் சேஃப்டி பைலட்டாக உட்கார்ந்து இருவரும் பிஐசி எழுதுவது எஃப்ஏஏ விதிப்படி சரிதான். அந்த சேஃப்டி பைலட் மணிகளை டிஜிசிஏவிடம் காட்டும் 100-க்குள் சேர்க்காதீர்கள். பாதிச் செலவில் மணி என்று விற்கப்படும் பேக்கேஜ் பெரும்பாலும் இதுதான்.

ரன்வே25: இதெல்லாம் முன்கூட்டியே சொல்லித் திட்டமிட்டால் தீரும். பார்ட் 61-ல் (அங்கீகரித்த பாடத்திட்டம் கட்டாயமில்லாத வழி) சிபிஎல்லுக்கு 250 மணி, ஐஆருக்கு நீங்கள் சொன்ன அதே 50-ம் 40-ம். அந்த வழியில் போனால் குறையே வராது.

லாக்புக்: 50 மணி கூடுதல் வாடகை வருமே? ஆனாலும் 141-ஐவிட அது இந்தக் கணக்குக்குப் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன்.

மீனம்பாக்கம்07: இருவரும் டெஸ்ட்டை விட்டுவிட்டீர்கள். டிஜிசிஏ சிபிஎல்லுக்கு பகலில் 250 நாட்டிகல் மைல், இரவில் 120 நாட்டிகல் மைல் கிராஸ்-கன்ட்ரி டெஸ்ட் உண்டு. எஃப்ஏஏ செக்ரைட் (லைசென்ஸுக்கான பறக்கும் தேர்வு) இந்த வடிவத்தில் இருக்காது. அங்கேயே இதே மாதிரி பறந்து எக்ஸாமினரிடம் சான்று வாங்கிக்கொண்டு வரணும், இல்லையென்றால் இங்கே பறக்கணும். விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் 15 மணியும், பத்து இரவு டேக்-ஆஃப், லேண்டிங்கும் வேண்டும். காகிதம் தாமதமானால் அதுவும் காலாவதி. ஆகவே நேவிகேஷன், மெட்டியராலஜி, ரெகுலேஷன், டெக்னிக்கல் தேர்வுகளை (ஒவ்வொன்றிலும் 70%) விமானம் ஏறுமுன் முடித்துவிட்டுப் போவது நல்லது.

வாடைக்காற்று: அப்படியானால் ஏர்லைனே பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளும் கேடட் திட்டம்?

ரன்வே25: கோடி ரூபாயைத் தாண்டும் செலவு. கடிதத்தில் இருப்பது நிபந்தனை வைத்த வேலைவாய்ப்பு. நடுவில் ஆள் எடுப்பதை நிறுத்தினால் கடன் மட்டும் உங்களுடையது.

மீனம்பாக்கம்07: அதில் ஒரு லாபம் உண்டு. டைப் ரேட்டிங் அந்த ஏர்லைனின் விமானத்திலேயே கிடைக்கும். தனியாகப் படிப்பவர் சிபிஎல் வாங்கிய சூட்டோடு சொந்தச் செலவில் 737 ரேட்டிங் எடுத்துவிட்டு, ஆள் எடுப்பது ஏ320-க்கு என்றால் என்ன செய்வார்? எந்த ஏர்லைன் எதைக் கேட்கிறது என்று அறிவிப்பு வந்த பிறகு எடுக்கலாம்.

லாக்புக்: இந்தியப் பள்ளி என்றாலும் கண்ணை மூடிச் சேரக்கூடாது. எத்தனை விமானம் வைத்திருக்கிறார்கள் என்பதைவிட, இன்று பறக்கும் நிலையில் எத்தனை, அவற்றுக்கு எத்தனை மாணவர், போன மாதம் மொத்தம் எத்தனை மணி பறந்தது என்று கேளுங்கள். மல்டி இன்ஜின் விமானம் ஒன்றே ஒன்று என்றால், அது ஹேங்கரில் நிற்கும் மாதமெல்லாம் கடைசி 15 மணிக்காக எல்லோரும் காத்திருப்பார்கள். 2025-லிருந்து டிஜிசிஏ பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். பணத்தை முழுவதுமாக முன்கூட்டியே கட்டாதீர்கள்.

ரன்வே25: இதில் மாற்றுக் கருத்தில்லை. அரிசோனா வானிலை பற்றிய என் கருத்திலும் மாற்றமில்லை.

மீனம்பாக்கம்07: வாடைக்காற்று, எந்த நாடு என்பதற்கு முன் சிபிஎல்லுக்கு வேண்டிய கிளாஸ் 1 மெடிக்கல். தம்பியிடம் இருப்பது கிளாஸ் 2 மட்டும். நிற வேறுபாடு, இதயம், காது எதிலாவது சிக்கல் வந்தால் அட்வான்ஸ் திரும்ப வராது. அது கையில் வரும்வரை எந்தப் பள்ளிக்கும் பணம் அனுப்பாதீர்கள்.