காக்கர் ஸ்பேனியலின் எடை சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே அறிவது எப்படி?

கேள்வி: காரைக்குடி வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து வயதான காக்கர் ஸ்பேனியல் பெண் நாய் இருக்கிறது. சென்ற ஆண்டு அதற்குக் கருத்தடை அறுவை செய்தோம். இப்போது எடை 15.8 கிலோ. இங்கிலீஷ் காக்கர் ஏறத்தாழ 13 முதல் 14.5 கிலோ வரை இருக்கலாம் என்றும், அமெரிக்கன் காக்கரில் பெண் நாய் 9 முதல் 11 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்றும் படித்தேன். குட்டியாக வாங்கியபோது வம்சாவளிச் சான்றிதழ் எதுவும் தரவில்லை என்பதால், இவற்றில் எந்தக் கணக்கை எடுத்துக்கொள்வது என்றே எனக்குத் தெளிவாகவில்லை.

வீட்டுக்கு வரும் ஆச்சிமார் எல்லாரும் நாய் கொழுகொழுவென்று கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது என்கிறார்கள். சிப்பிப்பாறை நாய் வளர்க்கும் என் கொழுந்தனார் மட்டும், விலாவே தெரியவில்லை, அளவுக்கு மீறிப் பருத்துவிட்டது என்று வரும்போதெல்லாம் சொல்கிறார். உடல் முழுவதும் நீண்ட முடி இருப்பதால் கண்ணால் பார்த்து என்னால் எதையும் முடிவு செய்ய இயலவில்லை. காலையில் இரண்டு கை உலர் தீவனம், மதியம் தயிர்ச் சோறு, இரவில் கோழி சேர்த்த சோறு, இடையிடையே பிஸ்கட் என்று கொடுத்துவருகிறோம். இந்த எடை உண்மையில் கூடுதலா? கூடுதல் என்றால் எவ்வளவு குறைக்க வேண்டும்?

பதில்: தேவகோட்டை, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

அம்மா, முதலில் அந்த இரண்டு கணக்குகளையும் சற்று ஒதுக்கி வையுங்கள். இனத்துக்குச் சொல்லப்படும் எடை என்பது கண்காட்சி அளவுகளுக்கு ஏற்ப வளர்க்கப்பட்ட நாய்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நம் ஊர்களில் சான்றிதழ் இல்லாமல் விற்கப்படும் குட்டிகளின் எலும்புக்கூடு சிலவற்றில் பெரிதாகவும் சிலவற்றில் சிறிதாகவும் அமைந்துவிடுவதால், ஒரே 14 கிலோ ஒரு நாய்க்குப் பொருத்தமாகவும் மற்றொன்றுக்குப் பாரமாகவும் இருக்கும். ஸ்பேனியல் என்ற ஒரே பெயருக்குள் ஆறேழு கிலோ எடையுள்ள கவாலியரும் இருபது கிலோவைத் தாண்டும் ஸ்பிரிங்கரும் அடங்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கொழுந்தனார் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால், சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதற்கென்றே அமைந்த மெல்லுடல் நாய்கள். அவற்றுக்கு விலா எலும்பு கண்ணுக்குத் தெரிவது இயல்பு. அந்த அளவுகோலைக் காக்கருக்கு வைக்கக் கூடாது.

கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துவது ஒன்பது படிகள் கொண்ட உடல்நிலை மதிப்பீடு. உலகச் சிறு விலங்குகள் கால்நடை மருத்துவச் சங்கமும் இதற்கான படவிளக்கத்தை வெளியிட்டிருக்கிறது. ஒன்று என்பது எலும்பும் தோலுமான நிலை, ஒன்பது என்பது மிகப் பருத்த நிலை, நான்கும் ஐந்தும் நல்ல நிலை. ஐந்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதல் எடையைக் குறிக்கும். ஸ்பேனியலுக்கு இந்த மதிப்பீட்டைக் கண்ணால் செய்ய முடியாது. கையால்தான் செய்ய வேண்டும்.

நாயை நான்கு காலில் நிற்க வைத்து, பின்னால் இருந்தபடி இரண்டு உள்ளங்கைகளையும் விலாவின் இருபுறமும் வையுங்கள். மேல்முடியைத் தடவினால் போதாது. விரல்களை முடிக்குள் செலுத்தித் தோல்வரை கொண்டுசென்று, அழுத்தாமல் முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். உங்கள் கையை மேசைமேல் விரித்து வைத்து, மற்றொரு கையின் விரல்களால் அதன் புறங்கையைத் தடவும்போது எலும்புகள் எப்படி உணரப்படுகின்றனவோ, அப்படி விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டால் எடை சரி. மடக்கிய கைவிரல் முட்டியின் மேடுகள்போல எலும்பு துருத்தினால் மெலிவு. உள்ளங்கையின் சதையைத் தடவுவதுபோல, அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் கொழுப்பு கூடியிருக்கிறது.

அடுத்து வால் தொடங்கும் இடத்தையும் இடுப்பு எலும்பின் மேற்புறத்தையும் தொட்டுப் பாருங்கள். அங்கே மெத்தென்ற திண்டு ஒன்று இருந்தால் அது கொழுப்புதான். பிறகு நாயைக் குளிப்பாட்டும் நாள்வரை காத்திருந்து, முடி நனைந்து உடலோடு ஒட்டியிருக்கும்போது மேலிருந்து நோக்குங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு மார்பைவிட மேலே ஏறியிருக்க வேண்டும். காக்கரின் வயிற்றுக்கு அடியில் தொங்கும் முடி இந்தக் கோட்டை முற்றிலும் மறைத்துவிடும் என்பதால், உலர்ந்த நாயைப் பார்த்து யார் சொல்லும் கருத்தையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. வயிறு மட்டும் பருத்து, முதுகெலும்பு துருத்திக்கொண்டு, தொடைத் தசை வற்றியிருந்தால் அது கொழுப்பல்ல. வயிற்றில் நீர் கோத்தல், கார்டிசால் சுரப்பு மிகுவதால் வரும் குஷிங் நோய் போன்றவற்றை உடனே பரிசோதிக்க வேண்டும். அத்தகைய நாய்க்குத் தீவனத்தைக் குறைத்தால் தீங்கே நேரும்.

பதில்: பள்ளத்தூர் ஆச்சி

மருத்துவர் ஐயா சொன்ன முறையை நானும் எங்கள் காக்கருக்குக் கடைப்பிடிக்கிறேன். உணவைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்து வீடுகளில் நாயின் தட்டில் இருக்கும் உணவு கணக்கில் வருகிறதே தவிர, முகப்பில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஆளுக்கொரு துண்டாகக் கொடுப்பது கணக்கில் வருவதில்லை. தேன்குழலும் சீப்புச் சீடையும் எண்ணெயில் பொரித்தவை. 100 கிராம் முறுக்கு வகையில் ஏறத்தாழ 500 கலோரி இருக்கிறது. சோற்றின்மேல் ஊற்றும் ஒரு தேக்கரண்டி நெய்யில் மட்டுமே 45 கலோரி அளவு இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு இது ஒன்றுமில்லை. 13 கிலோ நாய்க்கு இது பெரிய பங்கு. ஸ்பேனியல் இனங்களுக்குக் கணைய அழற்சி வரும் வாய்ப்பும் உண்டு என்பதால், கொழுப்பு மிகுந்த பலகாரம் எடையை மட்டுமல்லாமல் உயிரையும் பாதிக்கலாம்.

இரவில் கொடுக்கும் கோழிச் சோறு தனியாக வேகவைத்ததா, குழம்பில் இருந்து எடுத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. குழம்பு என்றால் இன்றே நிறுத்துங்கள். நம் சமையலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு அரிது; இரண்டுமே நாயின் சிவப்பணுக்களை அழிப்பவை, வேகவைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. பாயசத்தில் இருந்து விழும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும்.

தீவனத்தைக் கையாலும் டம்ளராலும் அளக்காமல் சமையல் தராசில் கிராம் கணக்கில் அளந்து, காலையிலேயே ஒரு நாளுக்கு உரியதை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவில் இருந்துதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், நாய் முகத்தைப் பார்த்து ஏங்கும்போது மனமிரங்குகிறவர்களுக்கும் கொடுக்க ஏதாவது இருக்கும். அப்பத்தாமார், ஐயாமார் இருக்கும் வீட்டில் கொடுக்காதீர்கள் என்று தடுப்பதைவிட இது எளிது, அவர்கள் மனமும் நோகாது.

பதில்: கண்டனூர் வாசகர்

உணவைக் குறைப்பதற்கு முன்பு ஒன்றைக் கேட்க வேண்டும். காக்கர் ஸ்பேனியல், தைராய்டு சுரப்புக் குறைவு வரும் இனங்களில் ஒன்று. அது பெரும்பாலும் நடுவயதில்தான் வருகிறது. வழக்கமான உணவுக்கே எடை ஏறுவது, சுறுசுறுப்புக் குறைவது, இருபக்கமும் ஒரே மாதிரியாக முடி உதிர்வது, வாலில் முடி குறைவது, மழைக்காலத்தில் சூடான மூலையைத் தேடிப்போவது ஆகியவை இருந்தால் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. டி4 என்னும் தைராய்டு சுரப்பின் அளவை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. வேறு நோய்களாலும் சில மருந்துகளாலும் டி4 குறையும் என்பதால், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் சுரப்பின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஸ்பேனியல்களுக்குத் தொங்கும் காதினால் காது அழற்சி அடிக்கடி வரும். அதற்கும் தோல் அரிப்புக்கும் ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்து கொடுத்திருந்தால் பசியும் தாகமும் பெருகி எடை ஏறும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேட்டவரின் பதில்: காரைக்குடி வாசகி

மூவருக்கும் நன்றி. ஸ்டீராய்டு எதுவும் கொடுக்கவில்லை. முடியும் வாலும் நன்றாக இருக்கின்றன. கோழியைக் குழம்பில் இருந்து எடுப்பதில்லை, மஞ்சள்தூள் மட்டும் போட்டுத் தனியாகத்தான் வேகவைக்கிறோம். நேற்று குளிப்பாட்டிய பின் பார்த்தோம். மேலிருந்து பார்த்தால் விலா முதல் தொடைவரை ஒரே நேர்கோடாக இருக்கிறது, இடுப்பு உள்வாங்கவில்லை. அழுத்தினால்தான் விலா எலும்பு தட்டுப்படுகிறது. வால் தொடங்கும் இடத்தில் மெத்தென்றும் இருக்கிறது. கொழுந்தனாரும் தொட்டுப் பார்த்து அதையே சொன்னார். இனி எவ்வளவு கொடுப்பது? இந்த வெயிலில் நடைப்பயிற்சியை எப்படிச் செய்வது?

பதில்: தேவகோட்டை, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

நீங்கள் விவரிப்பது ஏழாம் படி. அப்படியானால் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல், இந்த நாய்க்கு உரிய எடை சுமார் 13 கிலோ. கருத்தடைக்குப் பிறகு பெரும்பாலான நாய்களுக்கு ஆற்றல் தேவை கணிசமாகக் குறைந்து பசி கூடுவதால், பழைய அளவே கொடுத்துவந்தாலும் இப்படித்தான் ஆகும். எனவே இது நோயின்றி வந்த பருமன் என்று கொண்டு தொடங்கலாம். என்றாலும் தொடங்கும் முன் உங்கள் மருத்துவர் ஒருமுறை நேரில் பார்த்துவிடட்டும்.

13 கிலோ எடைக்கு ஓய்வு நிலையில் நாளொன்றுக்கு வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 480 கலோரி. எடையைக் குறைக்கும் காலத்தில் அந்த அளவில் இருந்துதான் தொடங்குவோம். பெரும்பாலான உலர் தீவனங்களில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி வரை இருக்கும். பையின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கணக்கிடுங்கள். பிஸ்கட் உள்ளிட்ட தின்பண்டம் எல்லாம் சேர்த்து 10 விழுக்காட்டுக்குள், அதாவது 48 கலோரிக்குள் இருக்க வேண்டும். மேரி பிஸ்கட் இரண்டிலேயே அது ஏறக்குறைய முடிந்துவிடும். சோற்றையும் வைத்துக்கொண்டு உலர் தீவனத்தையும் கொடுத்தால் கணக்கு தவறும். இந்தக் காலத்துக்குத் தயிர்ச் சோற்றை விட்டுவிட்டு, பசிக்கிறது என்று நின்றால் உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ், காரட், பரங்கிக்காய் ஆகியவற்றைச் சிறிது கொடுங்கள். தீவனத்தை வெறுமனே பாதியாக்கினால் புரதமும் சத்துகளும் குறைந்து தசை கரையும் என்பதால், எடை குறைப்புக்கென்று தயாரிக்கப்படும் தீவனம் கிடைத்தால் அதுவே நல்லது.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 விழுக்காடு குறைவதே பாதுகாப்பானது. உங்கள் நாய்க்கு அது 150 முதல் 300 கிராம். அதற்குமேல் விரைவாகக் குறைக்க முயல வேண்டாம். நான்கைந்து மாதங்கள் ஆகலாம், ஆகட்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்ப்பது பொதுவான போக்கை அறிய உதவும். வீட்டு மேடையில் 100 கிராம் வேறுபாடு சரியாகத் தெரியாது என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, உணவுக்கு முன், ஒரே மருத்துவமனைத் தராசில் பாருங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று ஆச்சிமார் கேட்டால் இதைச் சொல்லுங்கள். 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், உடன்பிறந்த நாயைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு பெற்றவை இடைநிலை (மீடியன்) கணக்கில் ஏறத்தாழ 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நாய்க்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு என்பது சிறிய காலமல்ல.

நடையைப் பொறுத்தவரை, பருத்த நாய்க்கு வெப்பத்தாக்கு எளிதில் வரும். சித்திரை, வைகாசியில் பொழுது விடியும் முன்பே நடையை முடித்துவிடுங்கள். மாலையில் செம்மண் தடமானாலும் தார்ச்சாலையானாலும் புறங்கையைத் தரையில் சற்று நேரம் வைத்துப் பார்த்துச் சுட்டால் வெளியே அழைத்துப் போகாதீர்கள். பகலில் முகப்பில் இருந்து பின்கட்டு வரை பந்தை உருட்டி விளையாட வைக்கலாம். ஆனால், மெழுகி வழவழப்பேறிய ஆத்தங்குடிக் கல்லில் கால் வழுக்கினால் இந்த எடைக்கு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டும் முழங்காலும் கெடும். ஓடும் வழியில் சணல் பாய் விரித்துவிடுங்கள். ஊருணியில் நீந்த விடுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். அது ஊரார் குடிக்கும் தண்ணீர், ஸ்பேனியலின் காதுக்கும் ஈரம் ஆகாது.

அளந்தே கொடுத்தும், வெளியில் யாரும் எதுவும் கொடுக்காமல் இருந்தும், நான்கு வாரத்துக்குப் பின் எடை அசையவில்லை என்றால், கண்டனூர் வாசகர் குறிப்பிட்ட தைராய்டு பரிசோதனையை அப்போது செய்துவிடுங்கள்.