கினி பிக் கையைப் பார்த்தாலே ஓடுது, எப்படிப் பழக்குறது?

கேள்வி: மல்லித்தழை

3 மாச ஆண் கினி பிக், எடை 480 கிராம். வீட்டுக்கு வந்து 12 நாள் ஆகுது. 4க்கு 2 அடி கூண்டு, ஹால்ல தரையில வச்சிருக்கோம். மேல் மூடியைத் திறந்தாலே அட்டைப்பெட்டிக்குள்ள பாஞ்சு ஒளிஞ்சுக்குது. எப்படியோ பிடிச்சுத் தூக்கினா கீச்சுன்னு கத்தித் துள்ளுது. ஆனா மடியில வச்சதும் அசையாம உக்காந்திருக்கு. அப்போ பயம் தெளிஞ்சிடுச்சுன்னு எடுத்துக்கலாமா? 7 வயசுப் பொண்ணு தினமும் தூக்கணும்னு அடம்பிடிக்கிறா.

பதில்: புல்லுக்கட்டு

தெளியலைங்க. அது விறைச்சுப்போய் உக்காந்திருக்கு. ஓட வழி இல்லாதப்போ இந்த இனம் கல்லு மாதிரி ஆயிடும். மடியில ஒரு மல்லித்தழை கொடுத்துப் பாருங்க. தின்னா பரவாயில்ல. மூக்கு முன்னாடி இருந்தும் தொடலைன்னா பயத்துல இருக்குன்னு அர்த்தம்.

முதல்ல கூண்டைத் தரையிலேர்ந்து எடுங்க. இதோட காட்டு இனம் தென் அமெரிக்கப் புல்வெளியில பருந்துக்குப் பயந்து வாழ்ந்தது, அதனால மேலேர்ந்து எது இறங்கினாலும் ஓடத்தான் செய்யும். ரெண்டரை அடி உயர மேசை மேல வச்சு, முன்பக்கக் கதவு வழியா கையை விடுங்க. பெட்டிக்கு ரெண்டு வாசல் வெட்டுங்க. ஒரே வாசல்னா உள்ள மாட்டிக்குவோம்னு அதுக்கு வெளியே வரவே தைரியம் வராது. பெட்டியை எடுத்துட்டா சீக்கிரம் பழகும்னு சிலர் சொல்வாங்க, கேக்காதீங்க. ஒளிய இடம் இருந்தாத்தான் வெளியே வரும்.

ஒரு வாரம் தூக்குறதையே நிறுத்துங்க. தினமும் ஒரே நேரத்துல பக்கத்துல உக்காந்து சன்னமாப் பேசிக்கிட்டு, நீளமான மல்லித்தண்டோட ஒரு நுனியைப் பிடிச்சு நீட்டுங்க. இழுத்துக்கிட்டு ஓடினாலும் விட்டுடுங்க. நாளுக்கு நாள் தண்டோட நீளத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தா கடைசியில உள்ளங்கையிலேர்ந்து தின்னும். அப்போ விரலால தாடைக்குக் கீழே லேசாத் தடவலாம். முதுகு, பின்பக்கம் இப்போ வேண்டாம். தலையை வெடுக்குன்னு மேல தூக்கினா "போதும்"னு சொல்லுது, உடனே கையை எடுத்துடுங்க. பல்லைக் கடகடன்னு அடிச்சா அன்னிக்கு அவ்வளவுதான்.

ஒரு தடவை மூலைக்கு மூலை துரத்திப் பிடிச்சீங்கன்னா, திரும்ப முதல் நாள்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.

பதில்: மருதாணி

தூக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு கையைப் பக்கவாட்டில் கொண்டுபோய் முன்னங்கால்களை ஒட்டி நெஞ்சுக்கு அடியில் வையுங்கள். மறு கை பின்பக்கத்தை முழுவதும் தாங்க வேண்டும். இரண்டு கையும் சரியாக அமைந்த பிறகே தூக்கி, உடனே உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். பின்னங்கால் காற்றில் தொங்கினால் உதைத்துத் துள்ளும். வயிற்றை அழுத்தக் கூடாது, பிடரியைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

தூக்கும்போதைவிட இறக்கும்போதுதான் அதிகம் அடிபடுகிறது. கூண்டின் தரை கண்ணில் பட்டதும் ஒரு அடி உயரத்திலிருந்தே பாய்ந்துவிடும். பின்பக்கம் முதலில் கூண்டுக்குள் போகும்படி திருப்பி, நான்கு காலும் ஊன்றிய பிறகு இரண்டு நொடி பிடித்திருந்து விடுங்கள்.

குழந்தை எப்போதும் தரையில் சப்பணமிட்டு உட்கார வேண்டும், மடியில் பழைய டவல். நீங்கள்தான் எடுத்து வைத்து, நீங்களே திரும்ப எடுக்க வேண்டும். குழந்தையின் இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே கால், பல், முதுகெலும்பு எது வேண்டுமானாலும் முறியலாம். முதலில் 5 நிமிடம், பிறகு 15 வரை போதும். நெளிந்துகொண்டு துணியைக் கடித்தால் பெரும்பாலும் சிறுநீர் வருகிறது என்று பொருள். திட்டாமல் கூண்டில் விடுங்கள்.

மல்லித்தழை

கூண்டு கழுவணும்னா தூக்கித்தானே ஆகணும்? அப்புறம், குக்கர் விசில் சத்தத்துக்கே பத்து நிமிஷம் வெளியே வர்றதில்ல.

பதில்: புல்லுக்கட்டு

ரெண்டு பக்கமும் திறந்த அட்டைப்பெட்டியோ 6 அங்குல பிவிசி பைப் துண்டோ கூண்டுக்குள்ளேயே எப்பவும் கிடக்கட்டும். கழுவுற நேரத்துல அது தானா அதுக்குள்ள நுழையும். ரெண்டு வாசலையும் உள்ளங்கையால மூடி அப்படியே தூக்கி வேற இடத்துல வைங்க. கை மேல பயம் வராது.

சத்தத்துக்கு, சமையலறைச் சுவர்லேர்ந்து தள்ளி வைங்க. டிவி, சாமி மணி, வாசக்கதவு பக்கமும் வேண்டாம். அதுக்காக பால்கனிக்குக் கொண்டுபோயிடாதீங்க. அங்க காக்கா, பூனை, அதைவிட மோசம் வெயில். 30 டிகிரி தாண்டினா இதுங்களுக்கு உயிருக்கே ஆபத்து.

இன்னொன்னு, தனியா இருக்கிற கினி பிக் பழக நாளாகும். சுவிட்சர்லாந்துல 2008 சட்டப்படி ஜோடியாத்தான் வளர்க்கணும். இதே வயசுல இன்னொரு ஆண் கிடைச்சா சேர்க்கலாம், ஆனா இந்தக் கூண்டு போதாது, 5க்கு 2 அடியாவது வேணும். ஆண்னு கடைக்காரர் சொன்னதை நம்பாம டாக்டர்கிட்ட காட்டிடுங்க. பெண் 4 வாரத்துலயே கருத்தரிக்கும்.

பதில்: நாட்டுவைத்தியன் அல்ல

எல்லாம் சரி, என்ன தீனி போடுறீங்கன்னு யாரும் கேக்கலையே? முயல் பெல்லட்டா? அதுல வைட்டமின் சி கிடையாது. நம்ம மாதிரியே கினி பிக்கும் அதைத் தன் உடம்புல தயாரிச்சுக்க முடியாது. குறைஞ்சா மூட்டு வலிக்கும், தொட்டாலே கத்தும். நாம அதைப் பயம்னு நினைச்சுப் பழக்கிட்டே இருப்போம். தினமும் 20 கிராம் சிவப்புக் குடைமிளகாய் துண்டு கொடுங்க, தண்ணியில சொட்டு மருந்து கலக்குறது சீக்கிரம் வீரியம் போயிடும். அறுகம்புல் எப்பவும் கூண்டுல நிறைஞ்சிருக்கணும். வைக்கோல் அதுக்கு ஈடாகாது.

சமையல் தராசுல வாரம் ஒரு தடவை எடை போடுங்க. இந்த வயசுல எடை ஏறிக்கிட்டே இருக்கணும். நின்னுட்டாலோ, அரை நாள் எதுவும் தின்னாம இருந்தாலோ, பழக்குறதை விட்டுட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க.